அடுத்த சாரலுக்கும் வருவோம்: குற்றாலத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குற்றாலத்து அண்ணாச்சிகளுக்கும் அக்காமார்களுக்கும்,

பேரருவிக்குப் பக்கத்திலும், ஐந்தருவி சாலையிலும், பழைய குற்றாலம் போகும் வழியிலும், இலஞ்சியிலும், காசிமேஜர்புரத்திலும், பிரானூர் பார்டரிலும் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஏ.சி. ஹாலும் ரூம் சர்வீஸும் வைத்திருக்கும் ஹோட்டல்காரரும், தகரக் கூரைக்குக் கீழே நாலு பெஞ்சு போட்டு இட்லி அவிக்கும் அக்காவும் இந்தக் கடிதத்தில் எனக்கு ஒன்றுதான். வைகாசி நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் மேற்கே மேகம் இறங்கும், செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வீசும், சாரல் விழ ஆரம்பிக்கும். கூட்டம் வந்துவிட்டால் கடிதம் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

நான் சங்கரன்கோவில்காரி. எங்கள் பக்கத்து வீடுகளில் ஆனி ஆடியில் ஒரு நடை குற்றாலம் போய் வராவிட்டால் அந்த வருஷமே குறைப்பட்டுப்போன மாதிரி இருக்கும். என் மாமியார் கல்யாணமாகி வந்த வருஷம் முதல் போகிறார். என் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே சிற்றருவியில் நனைந்தவர்கள். எங்களைப் போன்ற குடும்பங்கள்தான் உங்கள் கல்லாவுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறோம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுலா ஊர்களில் சாப்பாட்டுக் கடையைக் கெடுப்பது ஒரே ஒரு நினைப்பு: ‘இவர் ஒரு தடவை வந்து போகிறவர், திரும்பவா வரப்போகிறார்?’ விலை ஏறுவதும், பழைய குழம்பைச் சூடு பண்ணி ஊற்றுவதும், கேட்டதற்கு முகம் கொடுக்காமல் போவதும் இந்த நினைப்பிலிருந்துதான் வருகின்றன. மற்ற ஊர்களில் இந்தக் கணக்குச் சரியாக வருமோ என்னவோ, உங்கள் ஊரில் வராது. குற்றாலத்துக்கு ஒரு தடவை வந்து போகிறவர்கள் குறைவு. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் வருஷம் தவறாமல் வருகின்றன. கணவாய்க்கு அந்தப் பக்கம் புனலூரிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கார்கள் வருகின்றன. கார்த்திகை மார்கழியில் சபரிமலைக்குப் போகிற சாமிமார்கள், போன வருஷம் தங்கிய அதே இடத்தில் தங்கி, அதே கடையில் சாப்பிட்டு, அச்சன்கோவிலுக்கும் ஆரியங்காவுக்கும் கிளம்புகிறார்கள். உங்கள் கடைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் அடுத்த வருஷமும் வரக்கூடியவர். இதை நம்பிக் கடை நடத்துகிறவர்களின் கடையில் சாப்பிடுவதே தனிச் சுகம். எல்லாக் கடையும் அப்படி ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இதைப் புதிதாக நான் உங்களுக்குக் கற்றுத்தரத் தேவையில்லை. விருந்தாளியை வைத்துத்தான் உங்கள் ஊருக்குப் பேரே வந்திருக்கிறது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) குற்றாலத்தில் குடியிருந்த காலத்தில் ராஜாஜியும் கல்கியும் அவர் வீடு தேடி வந்தார்கள். அங்கே கம்பனைக் கேட்ட காதுகளுக்குச் சமமாக நாக்கும் நிறைந்து திரும்பியது. சாப்பாட்டையும் கவிதையையும் ஒரே ரசனையோடு பரிமாறிய மனிதர் அவர். அந்த வீட்டு இலையில் உட்கார்ந்தவர்களிடம் யாரும் காசு வாங்கவில்லை. உங்களிடம் நாங்கள் காசு கொடுத்துச் சாப்பிடுகிறோம். ஆனால் வந்தவர் வயிறும் மனசும் நிறைந்து எழுந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டு இடத்துக்கும் பொது.

பிரானூர் பார்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது நம் பக்கம் வந்தது. மாநில எல்லை மேற்கே நகர்ந்துபோய் இத்தனை வருஷமான பிறகும், பழைய எல்லையோரத்தில் ரொட்டிக் கடைகள் நிற்கின்றன. கல்லிலிருந்து எடுத்த ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மாஸ்டர் இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவார். படலம் படலமாகப் பிரிந்து ஆவி கிளம்பும். கைக்கு அடக்கமான சின்ன ரொட்டி. இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவைத் தாராளமாக ஊற்றி, அது ஊறுகிற வரை பொறுத்திருக்க வேண்டும். நல்லமிளகு தூக்கலாகப் போட்டு வறுத்த நாட்டுக்கோழி பக்கத்தில் வந்து உட்காரும். அருவியில் நின்று உடம்புச் சூடெல்லாம் போய், பல் கிடுகிடுத்து வருகிறவருக்கு அந்தக் காரமும் சூடும் உள்ளே இறங்குவது போல வேறு எதுவும் இறங்காது. ராத்திரி பத்து மணிக்கும் அங்கே கூட்டம் நிற்பதற்கு விளம்பரப் பலகை காரணமில்லை. போன வருஷம் தின்ற அதே ருசி இந்த வருஷமும் இருக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

ருசி மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. ஐந்தருவி சாலையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு சின்ன மெஸ் உண்டு. மதியம் மூன்று மணி தாண்டி, ஈரத் துணியோடு நாங்கள் அங்கே போய் உட்கார்ந்தோம். கல்லாவில் இருந்த அக்கா எழுந்து வந்து முதல் காரியமாக எங்கள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினார். “உள்ள ஒரு செம்பு வெந்நி கொண்டா” என்று குரல் கொடுத்தார். பிறகு எங்கள் மாமனாரைப் பார்த்து, “சாம்பார் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. புளிக்கொழம்பும் ரசமும்தான் இருக்கு. அப்பளம் பொரிச்சுத் தாரேன். சாப்பாட்டுக்கு இருவது ரூவா கொறச்சுக் குடுங்க. சரின்னா எல போடுதேன்” என்றார்.

இலை போட்டார்கள். ரசம் கொதிக்கக் கொதிக்க வந்தது. சின்னவனுக்குத் தனியாகச் சோற்றைக் குழைத்து, நெய் விட்டு, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு பில்லில் காசு இல்லை. அந்தச் சாப்பாட்டில் அவியல் இல்லை, கூட்டு இல்லை, வடை இல்லை. ஆனாலும் குற்றாலம் என்றால் எங்கள் வீட்டில் முதலில் வருவது அந்த மெஸ்ஸின் பேச்சு. அந்த அக்கா செய்ததில் பணம் செலவாகிற காரியம் எது என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு கரண்டி நெய். அவ்வளவுதான். மற்றதெல்லாம் வருகிறவரைக் கண் எடுத்துப் பார்த்ததால் வந்தது. ஈரத் தலைக்கு ஃபேன் ஆகாது என்று தெரிந்ததும், இல்லாததை இல்லை என்று இலை போடும் முன்பே சொன்னதும், குறைவுக்குத் தகுந்தபடி விலையைக் குறைத்ததும்தான் வரவேற்பு. வாசலில் கும்பிடு போட ஆள் நிறுத்துவது இதற்கு ஈடாகாது.

இன்னொரு கடையையும் சொல்ல வேண்டும். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. விலைப் பலகை அங்கே இல்லை. மீன் பொரித்தது என்ன விலை என்று கேட்டதற்கு, “சாப்பிடுங்க, பாத்துக்கிடலாம்” என்றார்கள். கேட்காமலேயே தண்ணீர் பாட்டில்களைத் திறந்து வைத்தார்கள். கடைசியில் துண்டுச் சீட்டில் வந்த பில்லில் மீனுக்கு நாங்கள் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு. கீழே ஜி.எஸ்.டி. என்று ஒரு தொகை. ஆனால் சீட்டில் பதிவு எண் எதுவும் இல்லை. கேட்டபோது, “சீசன் ரேட்டு அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பணத்தால் எங்கள் குடி முழுகிவிடவில்லை. ஆனால் அன்று வீடு வந்து சேரும் வரை வண்டியில் யாரும் அருவியைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீர் நன்றாக விழுந்த நாள் அது. பேச்சு முழுக்க அந்த பில்லைப் பற்றியே இருந்தது. ஒரு கடை எங்களிடம் கூடுதலாக வாங்கியது சில நூறு ரூபாய். அது எடுத்துக்கொண்டது ஒரு குடும்பத்தின் ஒரு நாள்.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதம்தான் உங்களுக்கு முழு அறுவடை. அதிலும் சாரல் சரியாக இல்லாத வருஷம் பாறைதான் தெரியும். தண்ணீர் அதிகமாக வந்தாலும் வியாபாரம் போகும். வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டால் அன்றைக்கு அரைத்த மாவும் வாங்கிய கோழியும் உங்கள் தலையில்தான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. அதன்பிறகு தடையும் எச்சரிக்கையும் கூடுவது நியாயம். உயிருக்கு மேல் வியாபாரம் இல்லை. ஆனால் அந்த நாட்களின் நஷ்டத்தை யாரும் உங்களுக்குத் திருப்பித் தருவதில்லை. கடை வாடகை சீசனைப் பார்த்து நிர்ணயமாகிறது. கேஸ் விலை, எண்ணெய் விலை, சீசனுக்கு மட்டும் வருகிற மாஸ்டரின் சம்பளம் எல்லாம் ஏறித்தான் இருக்கிறது. மூன்று மாதச் சம்பாத்தியத்தில் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டியவர்கள் விலையைச் சற்றுக் கூட்டினால் அதில் குற்றம் இல்லை.

என் வேண்டுகோள் ஒன்றுதான்: கூட்டுகிற விலையை வாசலில் எழுதிப் போடுங்கள். புரோட்டா இத்தனை, சாப்பாடு இத்தனை, மீன் ஒரு துண்டு இத்தனை, தண்ணீர் பாட்டில் இத்தனை. தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக, உள்ளே வந்து உட்காரும் முன்பே படிக்கிற மாதிரி. ‘சீசன் விலை’ என்று மேலே எழுதினாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். தெரிந்து கொடுக்கும் நூறு ரூபாய் மனசைச் சுடாது. தெரியாமல் பிடுங்கப்பட்ட இருபது ரூபாய் சுடும். நாலு பிள்ளைகளோடு வருகிற அப்பா சட்டைப் பைக்குள் கைவைத்துக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்தக் கணக்கை அவர் பிள்ளைகள் முன்னால் பொய்யாக்கக் கூடாது.

பில்லையும் சரியான பில்லாகக் கொடுங்கள். ஓட்டல் சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்பது 2017 நவம்பரில் வந்தது. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்னக் கடைகள் அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கவே கூடாது. தங்கள் வருமானத்திலிருந்துதான் கட்ட வேண்டும். பதிவே இல்லாதவர்களுக்குக் கேட்கும் உரிமை இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ரிசார்ட்டுகளில் சேர்த்துப் போடுகிற சர்வீஸ் சார்ஜும் கட்டாயம் கிடையாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அப்படித்தான் நெறிமுறை போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சாப்பிட்டவர் மனசு குளிர்ந்து சப்ளையர் கையில் வைப்பதுதான் அந்தப் பணம். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை பில்லில் அச்சிட வேண்டும் என்பதும் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்த வாடிக்கையாளர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் செய்துவிட்டால் அதுவே கடைக்கு மரியாதை.

சுற்றுலா ஊர் எல்லாவற்றிலும் இருக்கிற ஒரு வழக்கத்தை இங்கேயே விட்டுவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வேன் டிரைவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுத்து வண்டியைத் திருப்புவதைச் சொல்கிறேன். அந்தக் கமிஷன் கடைசியில் எங்கள் இலையிலிருந்துதான் போகிறது. டிரைவர் தம்பிக்கு வயிறாரச் சாப்பாடு போடுங்கள்; கால் நீட்டிப் படுக்க ஓர் இடம் கொடுங்கள். எங்களை ராத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் அவர். அது தர்மமும்கூட. ஆனால் எங்கே சாப்பிடுவது என்பதை எங்கள் நாக்கும் எங்கள் பையும் முடிவு செய்யட்டும். நல்ல கடை என்றால் டிரைவரே தானாக வண்டியை நிறுத்துவார்.

இனி அடுப்படிக்கு வருகிறேன். அருவிக்கரையில் மிளகாய் பஜ்ஜியும் வாழைக்காய் பஜ்ஜியும் போடுகிற எண்ணெய்ச் சட்டியைப் பார்த்து வருகிறவர்கள் நாங்கள். சாரலில் நின்றுகொண்டு சுடச்சுடப் பஜ்ஜி தின்னாதவர் யார்? அதனால்தான் இதைச் சொல்கிறேன். காலையில் ஊற்றிய எண்ணெய் சாயங்காலம் கறுத்து, நுரை கட்டி, புகைய ஆரம்பித்துவிட்டால் அதை விட்டுவிடுங்கள். பொரித்த எண்ணெயில் சேருகிற கெட்ட சேர்மங்களை அளக்க ஒரு கணக்கு உண்டு. அதில் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். அப்படிக் கழித்த எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கி பயோடீசல் செய்ய அனுப்புகிற ஏற்பாடும் இருக்கிறது. தனித்தனியாக முடியாவிட்டால் பத்துக் கடை சேர்ந்து ஒரு கேனில் ஊற்றி வைத்து, உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்டால் வழி சொல்வார்கள். அதைச் சாக்கடையில் ஊற்றினால் போய்ச் சேருகிற இடம் சிற்றாறு. உங்கள் அருவிகளில் விழுகிற அதே தண்ணீர்தான் தென்காசியைத் தாண்டி, வழியில் எத்தனையோ குளத்தையும் வயலையும் நனைத்துக்கொண்டு, சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் கலக்கிறது. குற்றாலத்துச் சட்டியைக் கழுவிய தண்ணீர் யாரோ ஒரு சம்சாரி வயலுக்குப் பாய்கிறது. கடை நன்றாக நடக்க வேண்டும் என்று வேண்டுகிற நீங்களே அந்த ஆற்றையும் காக்க வேண்டியவர்கள்.

பார்சல் கட்டுகிற விஷயத்திலும் இதே அக்கறை வேண்டும். கொதிக்கிற சால்னாவை பிளாஸ்டிக் கவரில் ஊற்றி முடிச்சுப் போடுவதை இன்னும் பார்க்கிறோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தக் கவருக்கும், சாப்பாட்டுத் தட்டில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளுக்கும் தடை இருக்கிறது. உங்களைச் சுற்றி வாழைத் தோட்டம் இருக்கிறது. தூக்குவாளி கொண்டுவருகிறவருக்குச் சால்னா ஒரு கரண்டி கூடுதல் என்று ஒரு பலகை போட்டுப் பாருங்கள். அடுத்த வாரமே பாதிப் பேர் கையில் தூக்குவாளி இருக்கும். எங்கள் ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் சமையலில் உங்கள் ஊர் தெரிய வேண்டும் என்பதும் என் ஆசை. மெனு கார்டில் சைனீஸும் தந்தூரியும் இருந்துவிட்டுப் போகட்டும், பிள்ளைகள் கேட்கும். ஆனால் ஒரு பக்கத்தில் சொதி இருக்கட்டும். உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும், கூட்டாஞ்சோறும், புளிமிளகாயும், இடிசக்கைத் துவரனும் இருக்கட்டும். நம் சமையலும் மலையாளச் சமையலும் கைகோக்கிற இடம் உங்கள் ஊர். கொல்லத்திலிருந்து வருகிறவருக்குப் பதிமுகம் போட்ட வெந்நீரும் மட்டை அரிசிச் சோறும் கிடைத்தால் அவர் கண் விரியும். சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் உங்கள் வாசலில்தான் குவிந்து கிடக்கின்றன. சாப்பிட்டு முடித்தவருக்கு ஐஸ்கிரீமுக்குப் பதில் நாலு சுளை மங்குஸ்தானை வைத்துப் பாருங்கள். எந்த ஊரில் சாப்பிட்டோம் என்பது அவருக்கு மறக்காது. விரதம் இருக்கிற ஐயப்ப சாமிமார்களுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் வைப்பவர்கள் உங்களில் பலர் உண்டு. அதை வாசலில் எழுதிவைத்தால் தயங்கி நிற்கிறவர்கள் நம்பி உள்ளே வருவார்கள்.

பெண்பிள்ளையாகப் பிறந்த ஒவ்வொருவரும் கேட்க நினைத்து, கேட்காமல் விடுகிற ஒன்றைக் கேட்கிறேன். கழிவறை. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, அருவியில் நனைந்து, ஈரச் சேலையோடு நடந்து வருகிற பெண்களுக்கு ஒரு சுத்தமான கழிவறையும், தாழ்ப்பாள் சரியாக விழுகிற கதவும், உள்ளே துணி தொங்கவிட ஓர் ஆணியும் போதும். சாப்பாடு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அந்தக் கடைக்கே வருவோம். குடும்பத்தை எந்தக் கடைக்குக் கூட்டிப்போவது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறவள் வீட்டுப் பெண். அவள் எதைப் பார்த்து முடிவு செய்கிறாள் என்பதை ஆண்கள் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் சொல்லிவிட்டேன்.

வயசானவர்களையும் பாருங்கள். சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு, ‘இதோ வருது’ என்று சொல்லி முக்கால் மணி நேரம் ஆக்குவது ஆபத்து. இருபது நிமிஷம் ஆகும் என்றால் இருபது நிமிஷம் என்றே சொல்லுங்கள். அதுவரை தாங்க ஒரு இட்லியை வைத்துவிடுங்கள். படி ஏற முடியாதவருக்குக் கீழேயே ஒரு மேசையை ஒதுக்குங்கள்.

கடைசியாக, உங்கள் கடைப் பிள்ளைகளைப் பற்றி. எங்களை வரவேற்பது அவர்கள் முகம்தான். காலையில் ஐந்து மணிக்கு எழுந்த பையன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இலை எடுத்துக்கொண்டிருந்தால், அவனிடம் சிரிப்பை எதிர்பார்ப்பதே பாவம். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேர வேலை, வாரத்துக்கு ஒரு நாள் லீவு என்று சொல்கிறது. சீசனில் அதைக் கடைப்பிடிப்பது கஷ்டம் என்பீர்கள். ஆளை இரண்டு ஷிப்டாகப் பிரியுங்கள். கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி கொடுங்கள். அடுப்படியில் படுக்கவைக்காமல் ஒரு தனி அறை எடுத்துக் கொடுங்கள். கல்லாவில் இருந்துகொண்டு வாடிக்கையாளர் காது கேட்க அவர்களைத் திட்டாதீர்கள். அந்தத் திட்டு எங்கள் இலையிலும் விழுகிறது. எங்களுக்குத் தெரிந்த நல்ல கடைகளில் எல்லாம் வருஷா வருஷம் அதே முகங்கள் பரிமாறுகின்றன. அந்தத் தம்பிகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, “போன வருஷத்துக்கு வளந்துட்டானே” என்கிறார்கள். எந்த நட்சத்திர ஹோட்டலும் காசுக்கு வாங்க முடியாத வார்த்தை அது.

இவ்வளவு கேட்டுவிட்டு எங்கள் கடமையைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. எங்களிடமும் குறை உண்டு. குடித்துவிட்டு வந்து சப்ளையர் மேல் கை நீட்டுகிறவர்கள் உண்டு. ‘டேய்’ என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. நாலு பேர் சாப்பிட்டு எழுந்த பிறகும் கூட்டத்தைப் பார்க்காமல் மேசையைப் பிடித்துவைத்து அரட்டை அடிக்கிறவர்கள், கேட்டு வாங்கிய சோற்றை இலையில் கொட்டிவிட்டு எழுகிறவர்கள், ஈரத் துண்டை நாற்காலியில் பிழிகிறவர்கள் உண்டு. சாரலுக்கு வருகிற என் சக குடும்பங்களையும் இந்தக் கடிதத்தின் வழியே கேட்டுக்கொள்கிறேன். பரிமாறுகிறவரைத் தம்பி என்று கூப்பிடுங்கள், அண்ணாச்சி என்று கூப்பிடுங்கள். நியாயமான விலைக்குப் பேரம் பேசாதீர்கள். நன்றாக இருந்தால் கல்லாவில் நின்று, நன்றாக இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். குளிக்கத் தடை போட்ட நாளிலும், வந்தது வந்தோம் என்று ஒரு வேளை அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். அன்றைக்குத்தான் அந்தக் கடைக்கு நம் காசு அதிகம் தேவை.

ஆனி பிறக்கும் முன் நீங்கள் எல்லோரும் ஒரு நாள் கூடிப் பேச வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரே மாதிரியான விலைப் பலகை, சரியான பில், எண்ணெய்க்கு ஒரு பொதுக் கேன், கழிவறைக்கு ஒரு தாழ்ப்பாள், டிரைவர் கமிஷனுக்கு ஒரு முற்றுப்புள்ளி. இந்த ஐந்துக்கும் பெரிய முதலீடு வேண்டாம். பத்துக் கடை ஒத்துக்கொண்டால் போதும். மற்ற கடைகள் தானாக வந்து சேரும். ஏனென்றால் நாங்கள் எந்தக் கடைகளுக்குப் போகிறோம் என்பதை அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அருவி இயற்கை கொடுத்தது. அது விழுகிற வருஷமும் உண்டு, விழாத வருஷமும் உண்டு. அதில் உங்கள் கையிலும் எங்கள் கையிலும் எதுவும் இல்லை. சாப்பாடு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. தண்ணீர் குறைந்த வருஷத்திலும், ‘அந்தக் கடையில் சாப்பிடவாவது குற்றாலம் போய்வருவோம்’ என்று ஒரு குடும்பம் வண்டி ஏற வேண்டும். அப்படிச் சொல்லவைக்கிற கடைகள் இப்போதே உங்கள் ஊரில் சில இருக்கின்றன. எல்லாமே அப்படி ஆகட்டும். சீசன் நன்றாக நடக்கட்டும், கல்லா நிறையட்டும். பிள்ளை குட்டிகளோடு வருகிறோம். இலை போட்டு வையுங்கள்.

அன்புடன்,
சாரலுக்கு வருகிற சங்கரன்கோவில்காரி ஒருத்தி